சிவப்பு உறைக்குள் இருந்த என் குரல்

நாளைக்கு எனக்குப் பிரிவு உபசார விழாவாம். மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். இத்தனை வருடம் என்னோடு வேலை பார்த்தவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள். கூரியர்காரர் வந்து நின்றால் "கையெழுத்து எங்கே போடணும்" என்று கேட்கவும் கூச்சப்பட்டு, பேனாவை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறவள் நான் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறார்கள். அன்பு மிகுதி என்று எடுத்துக்கொண்டேன்.

பேச மாட்டேன், எழுதித் தருகிறேன் என்றேன். நான் படித்தது குருசுக்குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றியதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். இப்படிச் சொல்லிக் கொடுத்தால்தான் நம் அலுவலகத்தில் எதையும் வெள்ளை உறையில் போடுவார்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்கவில்லை.

போன வாரம் புதுப் பெண்கள் அலமாரியை ஒழித்தார்கள். இனிமேல் சிடி கிடையாது, வேண்டியவர்கள் நெட்டிலிருந்து இறக்கிக்கொள்வார்கள். உள்ளே கட்டுக்கட்டாக வெள்ளை உறை, மஞ்சள் உறை, சிவப்பு உறை. "சும்மா குடுக்கற சிடிக்கு எதுக்கும்மா மூணு கலரு? ஆரத்தித் தட்டா சுத்தப் போறோம்?" என்று ஒருத்தி கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல நினைத்தேன். வழக்கம்போல வாய் வரவில்லை. அதனால்தான் இது.

என் வரலாறு சுருக்கமானது. வீட்டுக்காரர் பஞ்சாலையில் இருந்தார், பஞ்சாலையை மூடினார்கள். நான் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சோப்புக்கு அட்டைப்பெட்டி மடித்தேன், அங்கே பெட்டி மடிக்க மெஷின் வந்தது. வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்த பிறகு, கால்வாய்க்குக் கிழக்கே ஒரு பழைய வீட்டு மாடியில் பெருக்கித் துடைக்க ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லி வந்தேன். வந்த இடத்தில் கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருந்தன. பெருக்கி முடித்துச் சும்மா நிற்கிறாளே என்று சிடி காப்பி எடுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். தட்டு வெளியே வரும், வட்டை வைப்பேன், உள்ளே தள்ளுவேன், பச்சை விளக்கு அணைந்ததும் எடுத்து உறையில் போட்டு லேபிள் ஒட்டுவேன். பயிற்சி என்றால் இவ்வளவுதான். சோப்புப் பெட்டி மடிப்பது இதைவிடக் கடினம்.

அந்தச் சிடியில் இருந்தது, காசு கொடுக்காமல் யாரும் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு. அதில் எழுத ஒன்று, படம் வரைய ஒன்று, கணக்குப் போட ஒன்று என்று ஆயிரக்கணக்கான சாமான்கள். ஒவ்வொன்றுக்கும் பேக்கேஜ் என்று பேர். உலகத்தின் நாலா மூலையிலும் முகம் பார்க்காதவர்கள் எழுதியது. அவற்றோடு நம் ஊருக்கு வேண்டிய தமிழ்ச் சாமான்களையும் சேர்த்து, பள்ளிக்கூடங்களுக்கும் அரசாங்க ஆபீசுகளுக்கும் கொடுப்பதுதான் எங்கள் வேலை.

எதைச் சேர்க்கலாம், எங்கே சேர்க்கலாம் என்று முடிவு செய்கிறவர் அந்துவான் முசே. முசே என்றால் பிரெஞ்சில் ஐயா, அவரும் வருகிறவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்.

முசே பிரான்சில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். வெள்ளைச் சட்டையைப் பேண்டுக்குள் விட்டு, காலையில் ரொட்டியைக் காப்பியில் நனைத்துச் சாப்பிடுவார். ஒரு பொட்டு சிந்தாது. என்னை "மதாம் அஞ்சலை" என்று கூப்பிடுவார். முதல் நாள் யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் துடைப்பம்தான் இருந்தது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதுதான் கொடுமை. சத்தம் போடுகிற மனிதரிடம் தப்பிவிடலாம். "மன்னிக்கணும், இதைச் சேர்க்க முடியாது" என்று மெதுவாகச் சொல்லும் மனிதரிடம் என்ன செய்வது?

ஒரு பேக்கேஜ் வந்தால், அதை எழுதியவர் எதற்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறார் என்ற உரிமத்தாளை அச்செடுத்து மேஜைமேல் வைப்பார். ஒரு மரஸ்கேலை முதல் வரிக்கு அடியில் வைப்பார். படிப்பார். ஸ்கேலை ஒரு வரி இறக்குவார். இப்படியே கடைசி வரி வரைக்கும். இதை யார் வேண்டுமானாலும் எந்த வேலைக்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாமா? உள்ளே திறந்து பார்த்து மாற்றலாமா? மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாமா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று இருந்தால் பேனாவைத் திறந்து 'மெயின்' என்று எழுதுவார், வெள்ளை உறை. நடுவில் எங்காவது ஒரு "ஆனால்" வந்தால் பேனாவை மூடிவிடுவார். மூடி 'டக்'கென்று விழும் சத்தம் கேட்டால் நான் சிவப்பு உறையை எடுத்துவைப்பேன். அதற்குப் பெயர் 'நான்-ஃப்ரீ'.

மஞ்சள்தான் வேடிக்கை. பேக்கேஜிடம் ஒரு குறையும் இருக்காது. ஆனால் சிவப்பில் இருக்கிற ஒன்று பக்கத்தில் இல்லாமல் அது வேலை செய்யாது. பெண் பார்க்க வந்த இடத்தில் சொல்வார்களே, பையன் தங்கம், குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஆனால் அவன் அண்ணனைக் கேட்காமல் ஒரு வாய் சோறு சாப்பிட மாட்டான், அண்ணன் யாரென்று ஊருக்கே தெரியும் என்று. அந்தப் பையன்தான் மஞ்சள். அதைக் 'கான்ட்ரிப்' என்பார்கள். எந்தப் பேக்கேஜ் எதை நம்பி நிற்கிறது என்று முசே ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பார். எங்கள் தெருவில் கல்யாணத்துக்கு விசாரிக்கிறவர்கள்கூட இவ்வளவு தூரம் போகமாட்டார்கள்.

ஒரு காலேஜ் வாத்தியார் ஒருநாள் கோபமாக மாடியேறி வந்தார்.

"இன்னா சார், உங்க சிடியப் போட்டேன், இன்டர்நெட்டே வரல."

"வரும் முசே. அந்தக் கார்டை ஓட்டற பேக்கேஜைத் திறந்து பாக்க அந்தக் கம்பெனி விடல. அதனால அது சிவப்புல இருக்கு. உங்க பொறுப்புல வேணும்னா வாங்கிக்கங்க." முசே சிவப்பு உறையை இரண்டு கையாலும் நீட்டினார், ஏதோ பாம்புக் கூடையை நீட்டுகிறவர் மாதிரி.

"சுதந்திரம் குடுக்கறோம் குடுக்கறோம்னு சொல்லிட்டு, பெரிய ரூல்ஸ் புஸ்தகமா குடுக்கறீங்க!"

"ஆமா," என்றார் முசே, மெச்சப்பட்டவர் போல.

ஆக, விஷயம் இதுதான். அரசாங்க ஆபீசுகளுக்கு வெள்ளை உறை மட்டுமே போகும். வெள்ளையில் இருப்பதைத் தவிர வேறொன்றையும் அவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றக்கூடாது என்று மேலேயிருந்து உத்தரவு. வெள்ளையில் இல்லையென்றால் அவர்களைப் பொறுத்தவரை அது உலகத்திலேயே இல்லை.

இப்போது என் குரல் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஆபீசில் பிரபா என்று ஒரு இன்ஜினியர் பெண் இருந்தாள். கண் தெரியாதவர்களுக்காகக் கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் தமிழை வாய்விட்டுப் படிக்கிற ஒரு பேக்கேஜ் எழுதினாள். எழுதியாகிவிட்டது, குரல் வேண்டும். ஒருவர் எல்லா ஒலிகளையும் தனித்தனியாகச் சொல்லிப் பதிவு செய்து கொடுத்தால், கம்ப்யூட்டர் அதை ஒட்டி ஒட்டிப் பேசும். நல்ல குரலாக இருக்கட்டும் என்று மேடைகளில் நிகழ்ச்சி தொகுக்கும் ஒரு அம்மாளை அழைத்து வந்தார்கள். அவர் "க" என்று சொன்னால் காதல் தெரிந்தது, "த" என்று சொன்னால் தேசபக்தி தெரிந்தது. ஒட்டிப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் மூன்று பேர் சண்டை போட்டார்கள். பிரபா தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது நான் "டீ ஆறிடும்" என்றேன். நாள் முழுவதும் நான் பேசியது அதுவாகத்தான் இருக்கும்.

பிரபா நிமிர்ந்தாள். "இன்னொரு தரம் சொல்லுங்கம்மா."

"டீ ஆறிடும்."

"அம்மா, உங்க குரல்ல ஏத்தம் இல்ல, எறக்கம் இல்ல, உணர்ச்சின்னு ஒண்ணுமே இல்ல! இதத்தான் இத்தன நாளா தேடிட்டு இருந்தேன்."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

சுவரில் போர்வைகளைத் தொங்கவிட்ட ஒரு அறைக்குள் என்னைத் தனியாக விட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஆள் இல்லாததால் எனக்கு வாய் வந்தது. கக, கங, கச, கஞ என்று அர்த்தமில்லாததையெல்லாம் சொன்னேன். அர்த்தமில்லாதவரைக்கும் பேசுவதில் கூச்சமே இல்லை என்று அங்கேதான் கண்டுபிடித்தேன். வாரக்கணக்கில் பதிவு நடந்தது.

முடிந்ததும் பிரபா ஒரு தாளை டைப் செய்து கொண்டுவந்தாள். இந்தக் குரலை யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று அஞ்சலை ஆகிய நான் சம்மதிக்கிறேன் என்று போட்டிருந்தது.

"வேற எதாச்சும் சேக்கணுமாம்மா?" என்றாள், சும்மா மரியாதைக்கு.

மரியாதைக்குக் கேட்கப்படும் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியவில்லை. "ஒண்ணே ஒண்ணு," என்றேன். "என் குரல்ல கெட்ட வார்த்த பேசக் கூடாது."

"அவ்ளோதான?" என்று சிரித்துக்கொண்டே கடைசி வரியாக அதை அடித்தாள். கையெழுத்துப் போட்டேன்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். என் வீட்டு வாசலை ஒட்டி ஒரு பிராந்திக் கடை. நம் ஊரில் அதற்கு என்ன பஞ்சம்? கடைக்காரர் கோதண்டம் காலி பாட்டில் கிரேட்டுகளை என் வாசற்படியில் அடுக்கிவைப்பார். ஒருநாள் துணிந்து, "கொஞ்சம் நவுத்தி வையுங்க" என்றேன். தெருவே நின்று கேட்கிற மாதிரி, என்னைப் பற்றியும் இறந்துபோன என் வீட்டுக்காரரைப் பற்றியும் அவர் பேசினார். ராத்திரிக்குள் கதவை உடைப்பேன் என்றும் சொன்னார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். புகார் எழுதுகிறவர் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு, "இன்னா சொன்னான்?" என்றார்.

"அசிங்கமா பேசினாரு."

"அசிங்கமான்னா? அவன் சொன்னத அப்படியே சொல்லும்மா. எழுதணும்ல."

நின்றேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"நீ சொல்லலேன்னா நான் இன்னாத்த எழுதறது? போய் யோசிச்சிட்டு வா."

யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அன்று முதல் என் வீட்டுக்குள் நான் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவேன். கிரேட்டுக்கும் நிலைக்கும் நடுவில் அவ்வளவுதான் இடம். அந்த வார்த்தைகள் என் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது என்று ஸ்டேஷனில் நின்றவள், கம்ப்யூட்டர் வாயிலிருந்து மட்டும் வரவிடுவேனா?

தாள் முசேயிடம் போனது. மரஸ்கேல் இறங்கியது. யாரும் பயன்படுத்தலாம், சரி. மாற்றலாம், சரி. பகிரலாம், சரி. கடைசி வரி. 'டக்.'

"என்ன முசே?" என்றாள் பிரபா.

"எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம்னு இருக்கணும். மதாம் ஒரு வேலைக்குக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. சிவப்பு."

"ஐயோ, அது ஒரு பேச்சுக்குப் போட்டது! அத யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாத்துட்டேனே."

என் குரல் சிவப்புக்குப் போனது. அந்தக் குரல் இல்லாமல் பிரபாவின் பேக்கேஜ் பேசாது, அதனால் ஒரு குற்றமும் செய்யாத அது மஞ்சளுக்குப் போனது. அதை நம்பியிருந்த, கண் தெரியாதவர்களுக்கான மொத்தத் தொகுப்பும் பின்னாலேயே மஞ்சளுக்கு நடந்தது. வாயே திறக்காத ஒருத்தி ஒரே ஒரு வரி பேசியதில் இவ்வளவு பேர் இடம்பெயர்ந்தார்கள். வெள்ளை உறை ஊமையாகவே நின்றது.

"அந்த வரிய எடுக்கச் சொல்லுங்க முசே" என்று பிரபா கெஞ்சினாள்.

"மதாமோட குரல், மதாமோட நிபந்தனை. நியாயமான நிபந்தனை. அதை மதிக்கிறதாலதான் சிவப்புல வைக்கறேன். எடுங்கன்னு நான் கேக்க மாட்டேன்."

இவ்வளவு மரியாதையாக யாரும் என்னைத் தள்ளிவைத்ததில்லை.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். தேவநாதன் வந்ததால் முடியவில்லை.

தேவநாதன் வீராம்பட்டினத்துக்காரர், பிறவியிலேயே கண் தெரியாது. ஒரு அரசாங்க ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர். தானாகவே லைன் கொடுக்கும் மெஷின் வந்து அவருடைய நாற்காலியைத் தூக்கிவிட்டது. சோப்புப் பெட்டி மடிக்கும் மெஷினுக்கு இது அண்ணனோ தம்பியோ. குறைகேட்புப் பிரிவில் ஒரு இடம் காலியாக இருந்தது. மக்கள் கொடுக்கும் மனுக்களைக் கீழே ஒரு பெண் அப்படியே டைப் அடித்து ஏற்றிவிடுவாள். அதைப் படித்து, இது போலீசுக்கு, இது முனிசிபாலிட்டிக்கு, இது மின்சாரத்துக்கு என்று பிரித்து அனுப்ப வேண்டும். வீராம்பட்டினத்துத் தேர்த் திருவிழாவுக்கு முன்னால் கம்ப்யூட்டரில் படித்துக் காட்டினால் அந்த இடம் உனக்கு, இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று அவருடைய அதிகாரி சொல்லிவிட்டார். ஆடி மாதத் தேருக்கு அதிக நாள் இல்லை.

அவர் மாடிப்படியேறி வரும்போதே நான் கேட்டேன். ஒவ்வொரு படிக்கும் ஒரு கெட்ட வார்த்தை. எங்கள் ஆபீஸ் இருப்பது பழைய வீடு, படிகள் அதிகம்.

"யாருய்யா இங்க அந்துவான்? பேசற சாமான் ஒண்ணு பண்ணி வச்சிருக்கீங்களாம், எங்க ஆபீசுக்கு வந்த வெள்ள சிடில காணோம். எவன்யா எடுத்தது?" இதற்கு நடுவில் அவர் சொன்ன மற்ற சொற்களை நான் இங்கே எழுதவில்லை. கூச்சத்தால் இல்லை. விழா அழைப்பிதழில் 'குடும்பத்துடன் வருக' என்று போட்டிருக்கிறீர்கள்.

முசே அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக விளக்கினார். தேவநாதன் கேட்டார். பிறகு, "அதாவது, ஒரு அம்மா கெட்ட வார்த்த பேச மாட்டேன்னுச்சு, அதுனால என் பொழப்பு போச்சு?" என்றார்.

"சுருக்கமாச் சொன்னா, ஆமா."

"அந்தப் புண்ணியவதி எங்க?"

நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அவருக்குக் கண் தெரியாது என்பது அப்போது எனக்கு நினைவில்லை.

பிரபா ஒரு வழி சொன்னாள். கெட்ட வார்த்தைகளைப் பட்டியல் போட்டு, அவை வரும்போது மட்டும் குரல் வாயை மூடிக்கொள்ளும்படி செய்யலாம். அதைப் பார்த்து நான் மனம் இறங்கி வரியை எடுத்துவிடுவேன் என்று கணக்குப் போட்டாள். ஆனால் அவளுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் ஒரு ரயில் டிக்கெட்டின் பின்பக்கத்துக்கே காணாது.

"இந்த வேலைக்கு என்ன விட்டா ஆளு யாரு இருக்காங்க?" என்றார் தேவநாதன் தாராளமாக.

அன்று பிற்பகல் முழுவதும், ஒழுக்கத்தைக் காப்பாற்றுவதற்காக, தேவநாதன் சொல்லச் சொல்ல பிரபா டைப் அடித்தாள். காது சிவக்க அடித்தாள். அவர் அகர வரிசையில்கூடச் சொல்ல முயன்றார். முசே அச்செடுத்த பட்டியலுக்கு அடியில் மரஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து, ஒரு சொல் இரண்டு தடவை வந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். நான் டீ கொண்டுபோய் வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

மறுநாள் சோதனை. தேவநாதன் தன் ஆபீசிலிருந்து ஒரு பழைய மனுவை, ஆள் பெயர், ஊர் பெயர் எடுத்துவிட்டு வாங்கி வந்திருந்தார். கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். நான் வாசற்படியில் நின்றேன்.

என் குரல் படிக்கத் தொடங்கியது. "ஐயா, வணக்கம். நான் கணவரை இழந்தவள். என் பக்கத்து வீட்டுக்காரர் தினமும் குடித்துவிட்டு வந்து என் கதவைத் தட்டுகிறார். நேற்று என்னைப் பார்த்து..."

நின்றது. குரல் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "என்றும்" என்றது. மறுபடி நின்றது. "என்றும் சொன்னார். பிறகு என் மகளைப் பார்த்து..." அமைதி. "செய்வேன் என்றார். தயவுசெய்து நடவடிக்கை எடுக்கவும்."

"பாத்தீங்களாம்மா, ஒரு கெட்ட வார்த்த வரல!" என்றாள் பிரபா என்னைப் பார்த்து.

தேவநாதன் அன்று திட்டவில்லை. "இன்னா சொன்னான்?" என்று கேட்டார்.

பிரபா திரும்பித் திரையைப் பார்த்தாள்.

"இல்ல, இன்னா சொன்னான் அந்த ஆளு? பொண்ணப் பாத்து இன்னா செய்வேன்னு சொன்னான்? வெறும் வாய்ச் சண்டன்னா ஒரு கட்டுல வைப்பேன். கைய வைப்பேன்னு சொல்லியிருந்தா இந்த நிமிசமே போலீசுக்கு அனுப்பணும். இந்த அம்மா எல்லாத்தயும் எழுதிக் குடுத்திருக்குது. கண்ணு தெரிஞ்சவன் எவனா இருந்தாலும் அதப் படிச்சிடுவான். என் ஒருத்தனுக்கு மட்டும் கண்ண மூடறீங்களே, ஏற்கெனவே மூடித்தான இருக்குது?"

நான் அந்த மனுவைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்த அமைதி. போலீஸ் ஸ்டேஷனில், பேனாவைத் திறந்து வைத்திருந்தவர் முன்னால், இதே இடத்தில்தான் என் வாயும் நின்றது. பிரபா கெட்டிக்காரிதான். என் குரலை மட்டுமல்ல, நான் பேசாமல் நிற்பதையும் அச்சு மாறாமல் பதிவு செய்துவிட்டாள்.

ஆனால் எனக்கும் அந்த மனு எழுதியவளுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. நான் சொல்லவில்லை. அவள் எழுதியிருந்தாள். எழுதியவளின் வாயை நான் பொத்திக்கொண்டிருந்தேன்.

உள்ளே போனேன். முசேயின் மேஜைமேல் என் தாள் இருந்தது. கடைசி வரியைக் காட்டி, "இது வேணாம்" என்றேன்.

முசே எழுந்து நின்றார். "மதாம், யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தல. எடுத்துட்டா பிறகு யார் எதுக்குப் பயன்படுத்தினாலும் கேக்க முடியாது. குடிகாரன் பயன்படுத்தலாம். உங்களைத் திட்டவே உங்க குரலைப் பயன்படுத்தலாம். யோசிச்சீங்களா?"

"தெரியும்."

"யம்மா, நான் பயன்படுத்துவேன்" என்றார் தேவநாதன் நாற்காலியில் இருந்தபடியே. "எங்க ஆபீசரத் திட்டறதுக்கு."

பிரபா புதிய தாள் கொண்டுவந்தாள். முசே ஸ்கேலை வைத்து மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார், இந்தத் தாளை வாழ்க்கையில் பார்த்ததே இல்லை என்பது போல. கடைசி வரிக்கு வந்தார். பேனாவைத் திறந்தார். குரல் வெள்ளைக்கு வந்ததும் பிரபாவின் பேக்கேஜ் வெள்ளைக்கு வந்தது, தொகுப்பும் வந்தது. போனவர்கள் எல்லாரும் வீடு திரும்பிய மாதிரி இருந்தது. நான் போய் வெள்ளை உறைகளை எடுத்தேன்.

பட்டியலை நீக்கிவிட்டு அதே மனுவை மறுபடி ஓட்டினார்கள். என் குரல், ஏற்றமில்லாமல் இறக்கமில்லாமல், அந்த ஆள் சொன்னதையெல்லாம் சொன்னது. என் காதில் என் குரலிலேயே அந்த வார்த்தைகள். கூரை இடிந்து விழவில்லை. யாரும் சிரிக்கவுமில்லை. அந்த மேடை அம்மாள் படித்திருந்தால் எல்லாரும் அவரைப் பார்த்திருப்பார்கள். என் குரலில் கேட்டபோது எல்லாரும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தார்கள்.

"போலீசு" என்றார் தேவநாதன். "யோசிக்கவே வேணாம்."

தேருக்கு முன்பே அவர் தன் அதிகாரி முன்னால் படித்துக் காட்டினார். இடம் கிடைத்தது. அதிகாரியைத் திட்டினாரா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே கிரேட்டுகள் இடிபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, வீட்டுக்குள் உட்கார்ந்து நான் ஒரு மனு எழுதினேன். ஐயா வணக்கம் என்று தொடங்கி, கோதண்டம் அன்றைக்குச் சொன்னதை ஒன்று விடாமல் எழுதினேன். என் கை அதை எழுதியது, வாய் மூடியேதான் இருந்தது. கதவை உடைப்பேன் என்று சொன்னதையும், ஸ்டேஷனில் கேட்டபோது வாய் வராமல் நான் திரும்பியதையும் எழுதினேன். கீழே பெயரும் தெருவும் போட்டு, குறைகேட்புப் பிரிவின் பெட்டியில் போட்டுவிட்டு, யாரும் பார்க்காமல் வேகமாக நடந்துவிட்டேன்.

சில நாள் கழித்து ஆபீசுக்குப் போன் வந்தது. பிரபா எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அஞ்சலைம்மாவா? தேவநாதன் பேசறேன். உன் மனு வந்துது. உன் கதைய உன் குரல்லயே கேட்டேன். நெறைய பேர் என்னத் திட்டிக் கேட்டிருக்கேன், நானும் நெறைய சொல்லியிருக்கேன். ஆனா இந்த வார்த்தைங்கள இவ்ளோ மரியாதையா யாரும் சொன்னதில்லம்மா. ஸ்டேசனுக்கு அனுப்பிட்டேன். இன்னா சொன்னான்னு இனிமே ஒருத்தனும் உன்னக் கேக்க மாட்டான்."

"சரி" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

கிரேட்டுகள் போய்விட்டன. கோதண்டம் இப்போது என்னைக் கண்டால் வேறுபக்கம் பார்க்கிறார். வாசலில் நேராக நுழைகிறேன். பழக்க தோஷத்தில் சில நாள் பக்கவாட்டில் திரும்பி நுழைந்துவிட்டு, உள்ளே போன பிறகு நினைத்துக்கொள்வேன்.

முசே மறுபடி பிரான்சுக்கே, மகனிடம் போய்விட்டார். அலமாரியிலிருந்து எடுத்தவற்றில் ஒரு சிவப்பு உறை மட்டும் தனியாக இருக்கும், மேலே அவர் கையெழுத்தில் என் பெயர். புதுப் பெண்களே, அதைக் குப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே ஒன்றுமில்லை. எதற்கு மூன்று நிறம் என்று கேட்டாயே, அதற்குப் பதில் இதோடு சரி. நிறத்தை நிர்ணயிப்பது கம்பெனிகள் மட்டும் இல்லை. கதவுக்குப் பின்னால் நிற்கிறவளும்தான்.

நாளை விழாவுக்கு என்னை மேடையேற்ற வேண்டாம். இதை அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் படிக்க விடுங்கள். என் குரல்தானே, நடுவில் தண்ணீர் கேட்காது, கண்ணீர் விடாது, நேரத்துக்கு முடித்துவிடும். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். மாலை வாங்கிவிட்டீர்கள் என்றால் அதற்கே போடுங்கள்.